சுங்குவார்சத்திரத்தில் கிடைக்காத வீடு

வேறு நாட்டவரைக் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பப்போகிறோம், வாடகை வீடு கிடைக்குமா என்று வாசகர்களான உங்களில் சிலர் கேட்டு எழுதுகிறீர்கள். எனக்குத் தெரிந்த பதில் 1991 நவம்பரில் ஒரே நாளில் போய்வந்த பயணம்தான். பெருமையாகச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

நான் நர்ஸ். ஜாம்பியாவில் கிட்வே நகரத்தில் வேலை பார்த்தபோது மோசஸைக் கல்யாணம் செய்துகொண்டேன். என் மாமியாரே என் கையைப் பிடித்துப் பார்த்து, இந்தக் கை களி கிண்டுமா என்று கேலி செய்துவிட்டு, ஒரு கோழியைக் கொடுத்துச் சேர்த்துக்கொண்டாள். அங்கிருந்த நம்மூர்க் கடைக்காரர்கள்தான் பொங்கலுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பிறகு ஒரு வருடம் பர்மிங்ஹாம். போனில் சரி என்று சொன்ன மூன்று வீட்டுக்காரர்கள், வாசலில் மோசஸைப் பார்த்ததும் இப்போதுதான் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டவர் அவர்தான், என்னிடம்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வார்ப்புப் பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்தது. டிசம்பர் முதல் தேதி சேர வேண்டும், அதற்குள் வீடு வேண்டும். ஒரகடத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரில் அண்ணன் வீடு ஒற்றை அறை, நாங்கள் வேறு போய் ஒண்ட முடியாது.

காலை 6.40க்குப் பாரிமுனையில் காஞ்சிபுரம் பஸ். ஆளுக்கு ஐந்தரை ரூபாய். அந்த வருடம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு அந்தச் சாலையில் புதுமுகம் என்றாலே விசாரணைதான். பூந்தமல்லியில் ஏறிய காவலர் மோசஸின் பாஸ்போர்ட்டை மட்டும் வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் புரட்டினார். 8.35க்குச் சுங்குவார்சத்திரம். வாடகைக்கு விடுவதாகக் கேள்விப்பட்ட வீட்டுக்கு அங்கிருந்து மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்குப் பதினைந்து ரூபாய்.

"சாருக்கு வூடா? நம்ம ஆளுங்க குடுப்பாங்களாக்கா? கலரைப் பார்த்தே மெர்சலாயிடுவாங்க" என்றார் ஆட்டோக்காரர். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கும் அதே பயம்தான்.

வீட்டுக்காரருக்கு அறுபது வயதிருக்கும். மோசஸின் கையைப் பிடித்துக் கூடத்து நாற்காலியில் உட்கார வைத்தார். "கருப்பா இருந்தா இன்னா? எங்க தெருவுல இவரைவிடக் கருப்பா கீறாங்க. மனுசன்தானே சார்" என்றார். பேச்சு புரியாவிட்டாலும், கை பிடித்து உட்கார வைத்ததில் மோசஸ் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு சிரிப்பு. இரண்டு அறை, கிணறு, வாடகை முந்நூற்றைம்பது. அவர் வீட்டு அம்மாள் காபி கொண்டுவந்தார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

பாதிக் காபியில் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீ எந்தப் பக்கம்மா?"

சொன்னேன்.

"அங்க ஊரா, காலனியா?"

நம் ஜில்லாவில் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. பொய் சொல்லியிருக்கலாம். அண்ணன் இருப்பது பக்கத்தில்தான், ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். "காலனி" என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "தப்பா நெனச்சுக்காத. எனக்கு ஒண்ணும் இல்ல, தெருவுல பேசுவாங்க. சார் ஒண்டியா இருக்கறதுன்னா தாராளமா இருக்கட்டும்."

அந்த அம்மாள், "டம்ளரைக் கெணத்தாண்ட கழுவிக் கவுத்துடும்மா" என்றார்.

எழுந்தேன். டம்ளரைக் கையில் எடுத்தேன். தமிழ் தெரியாத மோசஸ், இதுதான் இந்த ஊர் மரியாதை போலிருக்கிறது என்று தானும் எழுந்து, என் டம்ளரையும் வாங்கிக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தார். "ஐயோ, நீங்க ஏன் சார், வெச்சுடுங்க" என்று அந்த அம்மாள் பதறி ஓடிவந்து அவர் டம்ளரை மட்டும் பிடுங்கிக்கொண்டார்.

இனி உங்களுக்கு உதவும் விஷயங்கள். இப்போது அந்தச் சாலை முழுக்கத் தொழிற்சாலைகள், ஷிப்ட் மாறும் நேரத்தில் போகாதீர்கள், பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் பக்கமெல்லாம் வெளிமாநிலத்தவர் நிறைய இருக்கிறார்கள், வெளிநாட்டவரும் பழகிவிட்டார்கள். தரகரிடம் கணவன் மனைவி இருவரைப் பற்றியும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காலனியா என்று நேரடியாகக் கேட்பது குறைந்திருக்கிறது. சைவமா, சொந்த ஊர் எது, யார் மூலம் வந்தீர்கள் என்று சுற்றிச் சுற்றி அங்கேதான் வருவார்கள்.

அன்று பஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. வீடு இல்லை என்று மட்டும் மோசஸிடம் சொன்னேன். அவர், "என்னால்தானே? உன் சொந்த ஊரிலும் உனக்கு இப்படி ஆகிவிட்டது, மன்னித்துவிடு" என்றார்.

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்யாணத்துக்கு முன்பும் காலனி என்றால் என்ன என்று அவரிடம் நான் சொன்னதில்லை. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது வந்தால், தன் நிறத்தைப் பார்த்து இந்தியாவில் ஒரு பெரியவர் வீடு தர மறுத்த கதையைச் சொல்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் என்று தலையாட்டுவேன்.