ஐந்து தெருவும் ஒத்துக்கொண்டால்தான்

“இல்ல, சாவிய நான் யாருக்கும் குடுக்கறதா இல்ல.”

யாரும் அவரிடம் சாவி கேட்கவில்லை. மகள் அனுஷா, பிறந்து மாதம்கூட ஆகாத பெண் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். மனைவி ரத்தினம்மாள் காலி டிரம்முக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆதிகேசவன் மட்டும் கட்டிலுக்கு அடியில் கிடந்த நீள இரும்புச் சாவியைக் காலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“இப்ப யாரு கேட்டா?” என்றாள் ரத்தினம்மாள்.

“கேப்பானுங்க. நேத்து முனிராஜ் என்னப் பாத்து சிரிச்சான். சும்மா சிரிக்கற ஆளா அவன்?”

பெங்களூர் பொம்மனஹள்ளியில் அவர்கள் பக்கம் ஐந்து தெருக்கள். ஒவ்வொரு தெருவுக்கும் தனி போர்வெல், தனி டேங்க். தெருக்கள் சந்திக்கும் இடங்களில் வால்வுகள் உண்டு. திறந்தால் ஒரு தெருத் தண்ணீர் அடுத்த தெருவுக்கு ஓடும். அந்தந்த வால்வின் சாவி அந்தந்தத் தெருக்காரர் ஒருவரிடம் இருக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சங்கம், அதற்கு முனிராஜ் தலைவர். அவரால் கேட்க முடியும், வாங்க முடியாது. ஐந்து தெருவும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும், ஒரு தெரு வேண்டாமென்றால் வேண்டாம் என்று விதி போட வைத்தவரே ஆதிகேசவன்தான்.

அவருக்குக் காரணம் இருந்தது. குடியாத்தத்திலிருந்து பதினெட்டு வயதில் வந்து, ஓசூர் ரோடில் லேத் பட்டறையில் சேர்ந்து, மெல்ல ஒரு வீடு கட்டிக்கொண்டவர். தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் வந்தபோது, தெருமுனைக்குத் தெருமுனை ஆள் நிற்கும் என்று ஒரு கமிட்டி வாக்குக் கொடுத்தது. ஒருவரும் வரவில்லை. எதிர்வீட்டுக் கன்னடக்காரர்தான் அனுஷாவையும் ரத்தினம்மாளையும் தன் வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டினார். அன்றிலிருந்து கமிட்டி, சங்கம் என்று யார் வாயைத் திறந்தாலும் ஆதிகேசவன் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார்.

போன மாதம் அடுத்த தெரு சின்னப்பா, தன் தெருவில் தண்ணீர் வற்றியதும் வால்வைத் திறக்கச் சொல்லி வந்து நின்றார். “இன்னிக்குத் தொறந்தா நாளைக்கு மோட்டாரே கேப்பீங்க” என்று ஆதிகேசவன் திருப்பி அனுப்பினார். சின்னப்பா தெரு லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றது.

இப்போது அவருடைய போரே காற்றைத்தான் துப்பியது. ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தொட்டிலில் போட்டுப் பெயர் வைக்க வேண்டும், உறவெல்லாம் வருகிறது.

“எவனோ கை வெச்சிருக்கான்.”

“எவனும் வெக்கல சார். கீழ தண்ணி எறங்கிடுச்சி” என்றார் போரைப் பார்க்க வந்த மெக்கானிக்.

“உனக்கு யார் சொல்லிக் குடுத்து அனுப்புனது?”

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு போனார். அனுஷாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் வேலை செய்த கால் சென்டரில் அமெரிக்கா பற்றிப் பாடம் எடுத்திருந்தார்கள்.

“அப்பா, அமெரிக்காவும் மொதல்ல நம்ம சங்கம் மாதிரிதாம்பா. பதிமூணு ஸ்டேட். எல்லாருக்கும் சேத்து காங்கிரஸ்னு ஒரு சபை. அது வரி போட முடியாது, ஸ்டேட்டுங்களக் கெஞ்சத்தான் முடியும். சண்ட போட்ட சிப்பாய்ங்களுக்கே சம்பளம் குடுக்க முடியல. வெளிநாட்டுச் சரக்கு மேல வரி போடலாம்னு கேட்டாங்க. விதிய மாத்தணும்னா பதிமூணும் ஒத்துக்கணும். ஒரு குட்டி ஸ்டேட் முடியாதுன்னிச்சி. அவ்ளோதான், படுத்துக்கிச்சி.”

“ஏன் முடியாதுன்னான்?”

“சாவி கை மாறிடும்னு பயம். உன்ன மாதிரியே.”

“இதையும் முனிராஜ்தான் சொல்லச் சொன்னானா?”

அதற்குள் குழந்தை அழுதது. பேத்தியை மட்டும் அவர் சந்தேகப்பட்டதில்லை. அவள் கொட்டாவி விட்டால்கூடப் பட்டறைக்குப் போய்ச் சொல்வார். அவளைக் குளிப்பாட்ட ரத்தினம்மாள் பக்கத்துக் கடையில் தண்ணீர் கேன் வாங்கி வந்ததைப் பார்த்ததும், செருப்பை மாட்டிக்கொண்டு முனிராஜ் வீட்டுக்கு நடந்தார்.

அடுத்த தெருத் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டதும் முனிராஜ் கையை விரித்தார். “மூணு தெரு சரிங்கறாங்கண்ணா. சின்னப்பா வேணாங்கறாரு. நான் என்னா பண்ணட்டும், உங்க விதிதானே?”

அன்று மாலையே பிள்ளையார் கோயில் முன்னால் எல்லாரும் கூடினார்கள். “விதிய மாத்திடலாம்” என்றார் ஆதிகேசவன். “மூணு தெரு சொன்னா போதும். சாவியெல்லாம் தண்ணி தொறந்துவிடற வாட்டர்மேன் ஒருத்தன் கையில.”

“ஓகோ, ஒங்க போர் வத்தினதும் ஞானம் வந்துடுச்சா?” என்றார் சின்னப்பா. “உள்ள என்னா ப்ளான் வெச்சினு இருக்கீங்க? எங்க சாவியும் வாங்கிக்கினு எங்களையே காய வெக்கவா?”

தன் வாயிலிருந்தே வந்தது போன்ற கேள்வி. ஆதிகேசவன் எழுந்தார். வீட்டுக்குப் போனார். மருமகன்கூடத் தொடக்கூடாத அந்த இரும்புச் சாவியைத் தூக்கி வந்து சின்னப்பாவின் கையிலேயே கொடுத்தார். “வாட்டர்மேன் வர்ற வரைக்கும் நீயே வெச்சிக்கோப்பா. போன மாசம் நான் தொறந்திருக்கணும்.”

சின்னப்பா சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போலிச் சாவியா என்று பார்த்தார் போலிருக்கிறது. பிறகு, “கொழந்தைக்கு என்னா பேரு வெக்கப் போறீங்க?” என்று கேட்டுவிட்டு, விதியை மாற்றச் சம்மதம் என்று கையைத் தூக்கினார்.

ஞாயிறு காலை குழாயில் தண்ணீர் வந்தது. ரத்தினம்மாள் குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டினாள். ஆதிகேசவன் அப்போதுதான் வால்வடியிலிருந்து வந்தார். வாட்டர்மேன் எத்தனை சுற்று திருப்புகிறார் என்று பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு வந்திருந்தார்.

“அந்தக் குட்டி ஸ்டேட் கடைசில என்னா பண்ணிச்சி?” என்று மகளிடம் கேட்டார்.

“புதுச் சட்டம் எழுதினாங்கப்பா. எல்லாரும் சேந்தப்புறம் கடைசியா அதுவும் சேந்துக்கிச்சி.”

ஆதிகேசவன் துண்டை விரித்துப் பேத்தியை வாங்கிக்கொண்டார்.

“சேந்திருப்பான். ஆனா வால்வு கிட்ட ஒரு ஆள நிக்க வெச்சிட்டுதான் சேந்திருப்பான்.”