உப்புப் போடாத கறி

என் குசினியில், அடுப்புக்கு மேலே உள்ள பலகைத் தட்டில் ஒரு உப்புச் சாடி இருக்கிறது. அது என்னுடையது அல்ல. மண்ணிறப் பீங்கான், வாய் விளிம்பில் ஓரிடம் உடைந்திருக்கும். மூடி எப்போதோ தொலைந்துபோனதால் ஒரு கோப்பைத் தட்டைக் கவிழ்த்து மூடியிருக்கிறது. என் மூத்த சகோதரி, நான் ராத்தா என்று அழைப்பவர், ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு கொளுத்தும் வெயிலில் ஒழுங்கையைக் கடந்து அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தார். களவெடுத்த சாமானைக் கொண்டுவருபவர்போல் இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து வந்ததில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இத நீ வச்சிரு புள்ள. வீட்டுல உப்பு இரிந்தா என்ட கை சும்மா இரிக்காது. மச்சானுக்குச் சொகமாகட்டும், பிறகு வந்து எடுக்கிறன்" என்றார். அப்படியென்றால் மிளகாய்த்தூள் போத்தலையும் கொண்டுவாருங்கள், இரண்டு வீட்டுக்கும் நானே சமைக்கிறேன் என்று பகிடி பண்ணினேன். ராத்தா சிரிக்கவில்லை. சாடியைத் தட்டில் வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மச்சான் என்பது ராத்தாவின் கணவர். புத்தளத்து உப்பளங்களில் உழைத்தே நரைத்தவர். தொண்ணூறாம் ஆண்டில் முஸ்லிம்கள் என்பதற்காக மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு நாங்கள் எல்லோரும் இந்தக் கரையில் ஓலைக் கொட்டில்களுக்குள் வந்து விழுந்தபோது, வள்ளமும் வலையும் இழந்து கையைப் பிசைந்துகொண்டு நின்ற இளைஞர்களில் அவரும் ஒருவர். முதலில் உப்பு மூட்டை சுமந்தார். பிறகு பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பு வாரினார். எத்தனை முறை கழுவினாலும் அவருடைய கணுக்காலில் ஒரு வெள்ளைக் கோடு மிஞ்சும். ஒரு கல்லு உப்பை நாக்கில் வைத்தால் போதும், இது இன்னும் வெயில் காணவேண்டும் என்பார், அல்லது கசக்கிறது, அவசரப்பட்டு வாரிவிட்டார்கள் என்பார். வீட்டிலும் அதே நாக்குத்தான். கறியில் உப்புக் குறைந்தால் வாய் திறந்து குறை சொல்லமாட்டார். பேசாமல் எழும்பிப் போய்ச் சாடியை எடுத்துவருவார். "இந்த மனிசனுக்குச் சோறு வேணாம், பாத்தியில கொண்டு போய் விட்டாப் போதும்" என்று ராத்தா ஏசுவார். பிள்ளை இல்லாத வீடு அது. ஏசுவதும் ஊட்டுவதும் எல்லாம் அவர்கள் இருவருக்குள்ளேயேதான்.

யுத்தம் முடிந்து, மன்னார்ப் பாதை திறந்து, எங்கள் ஆட்களில் சிலர் பழைய காணிகளைப் பார்த்துவரப் போகத் தொடங்கிய காலத்தில் மச்சானின் கால்கள் வீங்கின. உப்புத் தண்ணீரில் நின்ற கால்தானே என்று எண்ணெய் தேய்த்தார்கள். முகமும் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிறுநீரகம் இரண்டுமே பழுது என்று டொக்டர் சொன்னார். கிளினிக்கில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது ஒரு மிஸ்ஸி. தாதிமாரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எங்கள் ஆட்களில் ஒரு பிள்ளைதான். "உம்மா, இனிமே இவருக்கு உப்புப் போடாமச் சமைங்க. ஒரு கல்லும் போட வேணாம்" என்றாள். ராத்தா அதை அப்படியே மனதில் எழுதிக்கொண்டார். அன்றுதான் சாடி என் வீட்டுக்கு வந்தது. கருவாடு, மாசி, கூனி, ஊறுகாய் என்று உப்பில் ஊறிய எதுவும் அதன் பிறகு அந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை. ஆணமும் சோறும் பச்சைத் தண்ணீர் மாதிரி வெந்தன.

மச்சானால் அதைச் சாப்பிட முடியவில்லை. முறைப்பாடு ஒன்றும் சொல்லமாட்டார். சோற்றைப் பிசைவார், உருட்டுவார், கோப்பையின் ஓரத்துக்குத் தள்ளுவார், பிறகு "பசிக்கல்ல" என்று கையைக் கழுவிவிடுவார். ராத்தா தேசிக்காய் பிழிந்து பார்த்தார், மிளகு இடித்துப் போட்டுப் பார்த்தார், கொறுக்காய்ப் புளி விட்டுப் பார்த்தார். ஒன்றும் தொண்டையில் இறங்கவில்லை. வீக்கம் வடிந்தபோது உள்ளே ஆளே இல்லாததுபோல் எலும்பு தெரிந்தது. ராத்தா என் குசினி வாசற்படியில் வந்து உட்கார்ந்து அழுவார். "வருத்தத்தில மௌத்தானா அல்லாஹ்ட நாட்டம். என்ட கைச்சோறு இறங்காமப் பசியில போனா நான் யாரிட்டப் போய்ச் சொல்ற?" என்பார். அவரை ஒரு கோப்பைச் சோறு முழுதாகச் சாப்பிடவைக்க வேண்டும், ராத்தாவுக்கு அந்த நாட்களில் வேறு ஆசை கிடையாது.

உமிரி ராத்தாவின் நினைவுக்கு வந்தது அப்போதுதான். களப்பு ஓரத்தில், வேறு ஒரு புல்லும் முளைக்காத உவர்ச் சேற்றில் படர்ந்து கிடக்கும் பூண்டு அது. இலை என்று சொல்ல முடியாத, அரிசி பருமனான பச்சைச் சதை, கோடையில் சிவந்துபோகும். கொட்டில் காலத்தில் நிவாரணத்துக்கு மாவும் பருப்பும் வரும், மரக்கறி வராது. புதிதாகக் கலியாணம் முடித்திருந்த ராத்தா மற்றப் பெண்களோடு விடியும் முன்பே போய், சிவந்ததை விட்டுக் கொழுந்தை மட்டும் கிள்ளி ஓலைப் பெட்டியில் கொண்டுவருவார். அவித்து, தண்ணீரை வடித்து, பிழிந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டுச் சுண்டுவார். நான் உதவி செய்யப் போய் உப்பை அள்ளினால் கையில் அடி விழும். "உமிரிக்கு யாரும் உப்புப் போடுவாங்களா? இது உப்புப் போடாத கறி" என்பார். எங்கள் பெண்கள் எல்லோருக்கும் அந்தப் பெயர்தான் வாயில். அதற்கு ஏன் உப்புத் தேவைப்படவில்லை என்று யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

அந்தக் கீரை எங்களுக்கு ஒரு பட்டப்பெயரையும் தந்தது. பள்ளிக்கூடத்தில் ஊர்ப் பிள்ளைகள் எங்களை "உமிரி" என்று கூப்பிட்டார்கள். மாடும் தின்னாததைத் தின்னும் அகதிகள் என்று அதற்குப் பொருள். நான் அழுதுகொண்டு வந்த ஒரு நாளில் ராத்தா, கல்வீடு கட்டிக் குடியேறிய பிறகு தன் சட்டியில் உமிரி வேகாது என்று சொன்னார். வேகவும் இல்லை. வருடக்கணக்காக யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் ராத்தா எழும்பிப் போய்விடுவார். அந்த மனுசிதான் ஒரு காலையில், நல்ல வெளிச்சத்தில், கடைத்தெரு முழுக்கப் பார்க்க, ஓலைப் பெட்டியோடு உப்பளப் பக்கம் போனார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "உமிரி கிள்ள. வெக்கத்தப் பாத்துக்கிட்டு இரிந்தா மனிசன் மிஞ்சுவாரா?" என்றார்.

அன்று பகல் நானும் அங்கே இருந்தேன். ராத்தா ஒருமுறைதான் அவித்து வடித்திருந்தார். இன்னொரு முறை வடித்தால் சத்தெல்லாம் தண்ணீரோடு போய்விடும் என்பது அவர் கணக்கு. மச்சான் முதல் வாய் வைத்தார். மென்றவர் நிறுத்தினார். தலையை உயர்த்தி ராத்தாவைப் பார்த்தார். ராத்தா அகப்பையைப் பிடித்தபடி, பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளைபோல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மச்சான் மறுபடியும் மென்றார். பிறகு விழுங்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் வை" என்றார். கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். ராத்தா பின்வாசலுக்கு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு விம்மினார். "ஒரு கல்லு உப்புப் போடல்ல புள்ள. ஒரு கல்லு போடல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதன் பிறகு அநேகமாக ஒவ்வொரு நாளும் அந்த வீட்டில் உமிரிதான். மச்சானுக்குக் குறைந்துபோகும் என்று ராத்தா தான் ஒரு வாய்கூட வைக்கமாட்டார்.

வீக்கம் திரும்பி வந்தது. மூச்சு வாங்கியது. நான் வெளியே இலக்கத் துண்டு எடுக்கும் வரிசையில் நின்ற நேரத்தில் கிளினிக்குக்குள் நடந்ததை ராத்தா வரும் வழியில் கோபத்தோடு சொன்னார். உப்புப் போடுகிறீர்களா என்று மிஸ்ஸி கேட்டிருக்கிறாள். "வல்லாஹி, வீட்டுல உப்புச் சாடியே இல்ல" என்று ராத்தா சத்தியம் செய்திருக்கிறார். என்ன கறி கொடுக்கிறீர்கள் என்றதற்குக் கீரை என்றிருக்கிறார். வாங்கில் ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் உமிரி என்ற பெயர் அவர் வாயில் வரவில்லை. கீரையை அவித்து வடித்துக் கொடுங்கள் என்று மிஸ்ஸி சொல்ல, ஓம், வடித்துத்தான் என்று ராத்தா சொல்லியிருக்கிறார். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. "நான் என்ன, என்ட புருசனுக்குக் களவா உப்புக் குடுக்கிறவளா?" என்று வீடு வரும்வரை புகைந்துகொண்டே வந்தார்.

மழைக்கு முன்பே மச்சான் மௌத்தானார். நுரையீரலில் தண்ணீர் கட்டியிருந்தது என்றார்கள். மன்னார்க் காணியைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவரைப் புத்தளத்து மண்ணில்தான் அடக்கினோம். அன்று ராத்தா அழுத அழுகை இப்போதும் என் காதில் இருக்கிறது.

கணவரை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டிய இத்தாவில் ராத்தா இருந்த நாட்களில் அந்த மிஸ்ஸி துக்கம் கேட்க வந்தாள். கிளினிக்கில் எத்தனையோ பேரைப் பார்ப்பவள் வந்தது பெரிய மனசு. ராத்தா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரைக்கும் அவர் விரும்பிச் சாப்பிட்டார் என்றும், உமிரிக் கறி இல்லாவிட்டால் பசியிலேயே போயிருப்பார் என்றும் பெருமையோடு சொன்னார். ஊர்ப் பெண்கள் யாரும் இல்லாத அறையில் அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கு வெட்கமில்லை. மிஸ்ஸியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். நான் வாசல் படலை வரைக்கும் கூடப் போனபோது அவள் சொன்னாள். "உமிரிட சதையெல்லாம் உப்புத்தான் மாமி. ஒருக்கா வடிச்சாலும் போகாது. ஆனா அவருக்கு வருத்தம் முத்தித்தான் இரிந்த. இது இல்லாட்டியும் கன நாள் இல்ல. உம்மாக்குச் சொல்லிராதீங்க." நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

இத்தா முடிந்த அன்றைக்கு அடுத்த நாள் சாடியை எடுத்துக்கொண்டு போனேன். ராத்தா குசினித் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஓலைப் பெட்டி. அதிலிருந்து உமிரிக் கொழுந்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பச்சையாகவே மென்றுகொண்டிருந்தார். அத்தனை மாதமும் ராத்தா உப்பில்லாமல்தான் சாப்பிட்டிருந்தார். மச்சான் போன பிறகும் அந்தச் சமையலை மாற்றவில்லை. என்னைப் பார்த்ததும் ஒரு கொழுந்தை நீட்டினார். "திண்டு பாரு. உப்பில்லாமப் பழகின நாக்குக்குத்தான் தெரியுது. உப்புக் கரிக்குது புள்ள. முழுக்க உப்பு."

நான் கொழுந்தை வாங்கவில்லை. அதிலேயே எனக்கு முன்பே தெரியும் என்பது அவருக்குப் புரிந்திருக்கவேண்டும். அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டார். "ஒரு கல்ல நாக்குல வச்சா எந்த வெயில் எண்டு சொல்ற மனிசன். அவருக்குத் தெரியாமலா இரிந்திரிக்கும்?"

அகப்பையோடு நின்ற ராத்தாவை மச்சான் தலை உயர்த்திப் பார்த்த பார்வை எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.  தெரிந்திருக்காது என்று சொன்னேன். ராத்தா தலையை ஆட்டினார். "தெரிஞ்சிரிக்கும். நான் சந்தோசமா நிண்டனே, அதான் சொல்லல்ல" என்றார்.

இப்போது கற்பிட்டிப் பக்கத்து ஹோட்டல்களில் வெள்ளைக்காரருக்குப் பொரித்த மீனுக்கு மேல் உமிரியைப் பச்சையாக வைத்துக் கொடுக்கிறார்களாம். எங்கள் பக்கத்துப் பெண்கள் வெயிலேறிய பிறகே பேசிச் சிரித்துக்கொண்டு கிள்ளப் போகிறார்கள்; யாரும் யாரையும் பட்டப்பெயர் சொல்வதில்லை. ராத்தா அந்தப் பாதையில் போவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் என் வீட்டில்தான் சாப்பிடுவார். நான் வைப்பதைச் சாப்பிடுவார், உப்புக் கூட என்றோ குறைய என்றோ சொன்னதில்லை. நான் கடையில் வாங்கும் பைக்கற் உப்பில் சமைக்கிறேன். தட்டில் இருக்கும் சாடியை எடுப்பதில்லை. மச்சான் பாத்தியிலிருந்து கொண்டுவந்த உப்பு அதற்குள் சாடியின் வடிவத்திலேயே கல்லாக இறுகிக் கிடக்கிறது. இத்தா முடிந்த மறுநாள் நான் அதை நீட்டியபோது ராத்தா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "கொண்டு போய் வை புள்ள" என்றார். "அவருக்குச் சொகமான பிறகு எடுக்கிறன் எண்டுதானே தந்தன்."