பதினைந்து நிமிட வீடியோவுக்காக உத்திரமேரூர் போய் வந்த கதை

வியட்நாமில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போக வேண்டும். அதுவும் ஒரு வருடம் ஊர் சுற்றிவிட்டுத் திரும்புவதற்காக இல்லை. முதலில் ஹனோய், நாலைந்து வருடம் கழித்து ஜப்பான், நடுவில் தபாலில் ஒரு எம்.ஏ. என்று இதையே தொழிலாக வைத்துக்கொண்டு தலை நரைக்கும்வரை ஓட்ட வேண்டும் என்பது என் திட்டம். தாம்பரத்தில் ஐந்து வருடம் டீச்சராக இருந்து சேர்த்த பணத்தில் பயிற்சிச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். ஸ்கூட்டியையும் விற்றுவிட்டேன். அம்மாவிடம் மட்டும் "ரெண்டே வருசம்" என்று சொல்லி வைத்திருந்தேன்.

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. ஹனோய்ப் பள்ளி பதினைந்து நிமிட மாதிரி வகுப்பு வீடியோ கேட்டிருந்தது. ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு நடத்த வேண்டும், வெட்டி ஒட்டக் கூடாது, டீச்சரைவிட மாணவர்கள்தான் அதிகம் பேச வேண்டும். அனுப்பக் கடைசி நேரம் சனிக்கிழமை மாலை ஐந்து மணி. அது அவர்கள் கடிகாரத்தில், நமக்கு மூன்றரை! இந்த ஒன்றரை மணி நேரத்தை மறந்தால் அம்போதான்.

எனவே பொங்கல் முடிந்த இரண்டாவது சனிக்கிழமை, காலை 5:10க்குத் தாம்பரத்தில் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். 7 மணிக்குக் காஞ்சி. இட்லி, காபி 55 ரூபாய். தெரிந்த ஸ்டுடியோவில் செல்போன் ஸ்டாண்டு வாடகை 150. 7:50க்கு உத்திரமேரூர் டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஓரிக்கை தாண்டிப் பாலாற்றுப் பாலம், அப்புறம் மாகறல், இரண்டு பக்கமும் நவரைப் பருவ நெல் நடவு. கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஜன்னலோரம் கிடைத்தால் யோகம், எனக்குக் கிடைத்தது! உத்திரமேரூரிலிருந்து ஏரிக்கரையோரம் இருக்கும் எங்கள் ஊருக்கு ஐந்து கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ 20 ரூபாய்.

என் பள்ளித் தோழி செல்வி ஊரில் டியூஷன் எடுக்கிறாள். இருபது பிள்ளைகளைத் தயாராக உட்கார வைத்திருந்தாள். பத்து மணிக்குக் கேமராவை ஓட விட்டேன். "வாட் இஸ் யுவர் நேம்?" என்றேன். "வாட் இஸ் யுவர் நேம்!" என்று இருபது பேரும் கூரை அதிரக் கத்தினார்கள். "நோ, நோ, டெல் மீ" என்றேன். "நோ, நோ, டெல் மீ!" மிஸ் வாயைத் திறந்தால் திருப்பிச் சொல்ல வேண்டும், அதுதான் இங்கே வகுப்பு. பிள்ளைகள்மேல் தப்பில்லை. நானும் அப்படித்தான் படித்தேன், தாம்பரத்தில் ஐந்து வருடமும் அப்படித்தான் நடத்தினேன். மூன்று தடவை எடுத்துப் பார்த்தும் பதினைந்து நிமிடத்தில் பதின்மூன்று நிமிடம் என் குரல்தான். அழுகையே வந்துவிட்டது. மணி பன்னிரண்டு.

"மிஸ்னு பயப்படாத ஆளுங்க வேணும்னா நடவுக்குப் போடி. உங்கம்மாவும் அங்கதான் கீறாங்க" என்றாள் செல்வி.

அட, ஆமாம்! ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். புங்கமர நிழலில் அம்மாவோடு சேர்த்து ஏழு பேர், கால் முழுக்கச் சேறோடு தூக்குவாளியைத் திறந்து வைத்திருந்தார்கள்.

"இன்னாடி, சினிமா எடுக்கறியா? முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல பொடவ கட்டிக்கினு வந்திருப்பேன்ல" என்றார் கன்னியம்மா சித்தி.

வேர், வென், வொய், ஹூ, ஹவ் மச் என்று ஐந்தே வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தேன். பதில் தெரியாவிட்டால் "ஐ டோன்ட் நோ" என்றால் போதும் என்றேன். "இப்போ என் வேலையைப் பத்தி என்னைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

பிடித்துக்கொண்டார்கள் பாருங்கள்! "வேர் கோ?" என்றார் சித்தி. "ஹனோய்." "ஹவ் மச்?" சம்பளத்தை டாலரில் சொன்னேன். "நம்ம காசுல சொல்லுடி!" இன்னொருவர், "ஹூ குக்?" என்றார். "ஐ குக்" என்றேன். "நீயா? ஐ டோன்ட் நோ!" என்று சித்தி கையை விரிக்க, மரத்தடியே சிரித்தது.

பதினோராவது நிமிடம். அதுவரை மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்த அம்மா, "வென் கம்?" என்றாள்.

"டூ இயர்ஸ்" நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

"ஐ டோன்ட் நோ" என்றேன்.

அர்த்தம் அவளுக்கு இப்போதுதானே சொல்லிக்கொடுத்தேன். வாளியை மூடிக் கையைக் கழுவினாள். பிறகு, "ஹவ் மச் பேக்?" என்றாள்.

"தர்ட்டி கிலோ."

"அப்ப மொளகாத்தூளே அஞ்சு கிலோ போட்லாம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கேமராவை நிறுத்தியதும் அம்மா பக்கத்தில் வந்தாள். "ரெண்டு வருசத்துல திரும்பி வர்றவ எவளாவது வண்டிய விப்பாளா? எனக்கு அப்பவே தெரியும்டி. இன்னாத்துக்கு இத்தினி நாளா மறைச்சிக்கினு இருந்த?" என்று கேட்டுவிட்டு வயலில் இறங்கிவிட்டாள்.

நான் வாயடைத்துப்போய் நின்ற அந்த இடத்தை வெட்ட முடியாது. வேறு வகுப்பு எடுக்கவும் நேரமில்லை. வருவது வரட்டும் என்று தனி ஆட்டோ பிடித்தேன், 120 ரூபாய். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு பிரவுசிங் சென்டரில் 40 ரூபாய் கொடுத்து 2:35க்கு வீடியோவை ஏற்றத் தொடங்கினேன். 3:12க்குப் போய்ச் சேர்ந்தது. அப்புறம்தான் எனக்குப் பசியே தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை நேர்காணலுக்கு அழைப்பு, அடுத்த வாரம் வேலை! பச்சைப் புடவை கட்டிய மாணவி கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்த அந்த நிமிடத்தை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்களாம். அது என் அம்மா என்றதும் வீடியோ நேர்காணலில் அந்தப் பக்கம் இருந்த மூன்று பேரும் கைதட்டினார்கள்.

இதே வழியில் கிளம்புகிறவர்களுக்கு: கடைசி நாள்வரை என்னைப் போல இழுக்காதீர்கள். உங்களை மிஸ் என்றோ சார் என்றோ கூப்பிடாதவர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்துப் பாருங்கள், உங்கள் லட்சணம் தெரிந்துவிடும். செல்போனில் இடம் காலி செய்து வையுங்கள். எத்தனை வருடம் போகிறீர்கள் என்பதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள்.

ஜூலையில் கிளம்புகிறேன். போன ஞாயிறு அம்மாவிடம் போனில், வியட்நாமிலும் அரிசிச் சோறுதான், அங்கேயும் வயல், நாற்று எல்லாம் உண்டு என்று சொன்னேன்.

"நடவு கீதா அங்க?"

"கீதும்மா."

"அப்ப எனக்கின்னா பயம்? அந்த ஊரு பொம்பளைங்க எவ்ளோ வேகமா நடுவாளுங்கன்னு ஒரு தபா வந்து பாத்துட்றேன். பாஸ்போர்ட்டுக்கு எங்க போவணும், அத மொதல்ல சொல்லு."