பூனைக்குத் துடக்கு இல்லை

அக்கா பெரியபிள்ளையாகிவிட்டாள் என்று கனடாவில் இருக்கும் சித்திக்கு அம்மா வீடியோ கோலில் சொன்னபோது, நான் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். முந்தின நாள் இருந்த அதே உயரம்தான். எனக்கு அப்போது ஏழு வயது.

வல்வெட்டித்துறை வீட்டின் கடைசி அறையில் அக்காவை இருத்தினார்கள். பாய், தட்டு, செம்பு எல்லாம் வேறு. தண்ணீர் வார்க்கும்வரை துடக்கு, யாரும் தொடக்கூடாது. இந்தச் சட்டங்களோடு நெல்லியடியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர் மாமி, அப்பாவின் அக்கா.

"நீர் சமைக்கிறனீர், பிள்ளையைத் தொடப்படாது. நான் பாக்கிறன்" என்று அம்மாவிடம் சொன்னார். மாமி பார்ப்பதென்றால் உழுத்தங்களியையும் நல்லெண்ணெயையும் கதவடியில் வைத்துவிட்டுப் போவது.

அக்காவுக்கு வயிற்றுவலி. அழுதுகொண்டே இருந்தாள், களியைத் தொடவில்லை.

"கிட்ட வாங்கோவன் அம்மா."

"இன்னும் கொஞ்ச நாள்தான் பிள்ளை." அம்மா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார்.

நான் உள்ளே போய் அக்காவின் கையைப் பிடித்தேன். மாமி கண்டுவிட்டார். கிணற்றடியில் எனக்குத் தலையோடு தண்ணீர் ஊற்றினார்.

தலையைத் துவட்டிக்கொண்டு குசினிக்கு வந்தேன். எங்கள் பூனை அக்காவின் மடியிலிருந்து எழுந்து வந்து, தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவின் மடியில் ஏறியது. அம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டு, பூனையின் வயிற்றுப் பக்கம் வைத்தார். தடவவில்லை. சூடு பார்ப்பதுபோல வெறுமனே வைத்திருந்தார். பிறகு தலையிலிருந்து வால்வரை பலமுறை தடவி, தூக்கிக்கொண்டுபோய் அறைக்குள் விட்டார். அக்கா அதன் முதுகில் முகத்தைப் புதைத்தாள். சற்று நேரத்தில் அழுகை நின்றது. களித் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே. மாமியிடம் போனேன்.

"அம்மாவும் என்னை மாதிரித் தலையில தண்ணி ஊத்தித் தோயவேணும் மாமி. அக்கான்ரை மடியில இருந்த பூனையைத் தொட்டவ."

மாமி வெற்றிலையை மென்றபடி குசினியைப் பார்த்தார். பிறகு அறையைப் பார்த்தார்.

"பூனைக்கு உந்தத் துடக்கெல்லாம் இல்லை. நீ உன்ரை அலுவலைப் பார்."

மாலையில் பூனை மதிலில் படுத்திருந்தது. மாமியே போய் அதைப் பிடித்து வந்து அம்மாவின் மடியில் போட்டார்.

"உவள் திரும்பவும் அழுறாள்" என்றார்.

அம்மா பூனையைத் தடவத் தொடங்கினார். மாமி அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நின்றார். பிறகு அதை வாங்கி, தானே அக்காவிடம் கொண்டுபோனார்.

அதுவரை விளக்குமாற்றால் விரட்டிவந்த மாமிக்கும் பூனைமேல் பிரியம் வந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டேன்.