வெள்ளிக்கிழமை விடியற்காலைத் தேதி

வேல்விழிக்கு ரகுபதி மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்தார். அது இரண்டாயிரத்துப் பதினாலு. மனிதர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் ஒரகடம் கூட்டு ரோட்டில் முதல் ஜெராக்ஸ் மெஷினை இறக்கியது யார்? அவர்தான். மெஷினை ஓட்டுகிற சாஃப்ட்வேருக்குக் கையேடு தயாரிக்கும் வேலையை, எந்தப் பட்டதாரியும் தொடாதபோது துணிந்து எடுத்ததும் அவர்தான். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்துகொடுத்தது தென்காசிப் பெண் வேல்விழி.

கையேட்டு வேலை கொடுத்த கம்பெனி மூன்று மாத வேலைக்கான பில்லை நிறுத்திவிட்டது. இங்கிருந்து போகிற எழுத்தை அவர்களும் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டுக் கையேடாக்கிப் பார்ப்பார்கள். இங்கே ஆக்கிய கையேடும் அங்கே ஆக்கியதும் ஒரு புள்ளி பிசகாமல் பொருந்தினால்தான் பணம். போன வெள்ளிக்கிழமை அனுப்பியது பொருந்தவில்லையாம். எங்கே பிசகு என்று சொல்லவில்லை; தாங்கள் ஆக்கிய கையேட்டை மட்டும் அனுப்பியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஹாஸ்டல் வாடகை கட்டாவிட்டால் வேல்விழி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். ரகுபதியின் மனைவி முனியம்மாள் அவளுக்கும் சேர்த்துச் சோறு கட்டி அனுப்பினாள். சோறு சரி, வாடகைக்கு?

சனிக்கிழமை மத்தியானம் வேல்விழி இரண்டு கையேட்டையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டாள்.

“அண்ணாச்சி, பக்கத்துக்கு அடியில வர்ற தேதிதான் இடிக்கி. நம்மளது வெள்ளி, அவங்களது வியாழன்.”

“அதெப்படிமா? ரெண்டும் ஒரே எழுத்துதானே?”

“கடைசியாத் திருத்திப் பதிஞ்ச நேரத்தத்தான் ரெண்டும் தேதியாப் போடுது. நீங்கதான பிரம்ம முகூர்த்தத்துல வந்து உங்க கையால பதியுற பட்டன அமுக்குனிய? நமக்கு விடியக்காலம் அஞ்சு மணி. அவங்க கம்ப்யூட்டர் லண்டன் கணக்குல ஓடுது. அங்க அப்ப வியாழக்கிழமையே முடியல.”

ரகுபதிக்குச் சுருக்கென்றது. நல்ல நேரம் பார்த்து வைத்த விரல் இந்தப் பெண்ணின் வயிற்றிலல்லவா அடித்திருக்கிறது.

“அவனுங்கள நம்ம நேரத்துக்கு மாத்தச் சொல்லு.”

“மாத்த மாட்டாவ. அந்த லண்டன் பொது நேரத்துல தேதி எழுதுன்னு நாமதான் ஒரு வரி சேக்கணும். அப்புறம் எந்த ஊர்ல ஓட்டுனாலும் ஒண்ணுபோல வரும். ஆனா வியாழன்னுதான் வரும்.” அவள் தயங்கினாள். “அன்னைக்கு அஷ்டமி, அண்ணாச்சி.”

“லண்டன்காரனுக்கு அஷ்டமி கெடையாதா?”

“நான் போயி கேட்டுட்டா வந்தேன்?”

கடை திறந்த நாள் முதல் அஷ்டமியில் ஒரு பேனாகூட வாங்காதவர். இப்போது பக்கத்துக்குப் பக்கம் அந்தத் தேதி. முனியம்மாள் கட்டிய சோறு வேல்விழி பக்கத்தில் பாதி அப்படியே இருந்தது. அதைப் பார்த்தார்.

“போடுமா. இன்னா ஆயிடப்போவுது? நீ மொதல்ல சாப்டு.”

அன்று சாயங்காலமே ஹாஸ்டல்காரரிடம் போய் நின்றார். தனக்காக யாரிடமும் தவணை கேட்டறியாத மனிதர், ஒரு வாரம் கேட்டு வாங்கினார்.

செவ்வாய்க்கிழமை கம்பெனியிலிருந்து பொருந்திவிட்டது என்று பதில் வந்தது. பில் பாஸானதும் பேங்க் வாசலில் முதல் ஆளாக நின்று பணத்தை எடுத்தார்.

“கவர்ல போட்டுக் குடுங்க அண்ணாச்சி, போதும்.”

“கைய நீட்டுமா.”

அவள் நீட்டிய கையில், ஒவ்வொரு நோட்டாக வாய்விட்டு எண்ணி வைத்தார்.