சிவப்பு வளையம் மாட்டிய டிஸ்க்

தலையில் இருந்த சிவப்பு ரப்பர் வளையத்தை உருவி, மேசைமேல் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கின் இடுப்பில் மாட்டுகிறாள் என் மூத்த மருமகள். கூந்தல் அவிழ்ந்து முதுகெல்லாம் வழிகிறது. அந்த வளையம் அவள் தலையில் இருந்தால் வீட்டில் சமாதானம். டிஸ்க்கில் இருந்தால் நோயாளி, அதாவது பழுதான டிஸ்க் ஒன்று, அவளிடம் வைத்தியத்துக்கு வந்திருக்கிறது என்று பொருள். அன்றைக்கு மிக்சி ஓடாது, கதவை அடித்துச் சாத்தக் கூடாது, பசித்தவர் தாமே போட்டுச் சாப்பிட வேண்டும்.

"விரிச்ச தலையோட நிக்காதடி, பார்க்கச் சகிக்கல" என்று நானும் விடாமல்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"தலையை முடிஞ்சா டிஸ்க் மாறிடும் அத்தை" என்பாள்.

அது வேடிக்கைப் பேச்சில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், சாகக் கிடந்த டிஸ்க்கில் இருப்பதைப் புதியதற்கு மாற்றப் போயிருக்கிறாள். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்க, எதிலிருந்து எதற்கு என்பதைக் கம்ப்யூட்டருக்குத் தலைகீழாகச் சொல்லிவிட்டாள். ஓர் ஓவியரின் படங்கள் அத்தனையும் போயின. "காலிக் குடத்தை நிறைகுடத்துல ஊத்தினவ நான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் தானே சொல்லிக்காட்டுவாள். அன்றிலிருந்து பழைய டிஸ்க்குக்கு வளையம். அவளுக்கு விரிந்த தலை.

கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று யார் வந்தாலும் முதலில் பெட்டியைத் திறந்து கேபிளைக் கழற்றி வேறு ஒன்றை மாட்டுவாள். "முதல்ல கம்பியைச் சந்தேகப்படு, அப்புறம் டிஸ்க்கை. ஆளைக் கடைசியா." பாதிப் பேர் புதுக் கம்பியோடு சிரித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்வார்கள். மீதிப் பேரிடம் "சரியாயிடும்" என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. "பார்க்கிறேன்" என்பாள். அதையும் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் சொல்வாள். டிஸ்க்கின் மூடியை மட்டும் எவர் கெஞ்சினாலும் திறக்க மாட்டாள். "உள்ள ஊசிமுனை மாதிரி ஒண்ணு தட்டுமேல படாமப் பறக்குது. ஒரு தூசி போதும், தட்டை உழுதுடும்."

இன்று வளையம் மாட்டிக்கொண்டிருப்பது ஒரு பஸ் கண்டக்டரின் டிஸ்க். அவருக்குத் தொண்டையில் கட்டி. அறுத்து எடுத்தால் குரலும் சேர்ந்து போகும் என்று டாக்டர் சொன்னதும், மனுஷர் அதற்கு முன்பாகவே வீட்டுக் கம்ப்யூட்டர் எதிரில் உட்கார்ந்து, வாழ்க்கைக்கு வேண்டிய பேச்சையெல்லாம் ஒவ்வொன்றாகப் பேசிப் பதிந்துவைத்தார். போனில் பட்டனை அழுத்தினால் அவர் குரலே பேசும்படி செய்துகொள்ள ஏற்பாடு. அறுவை முடிந்தது. ஏற்பாடு முடிவதற்குள் டிஸ்க் டிக், டிக் என்று முனக ஆரம்பித்துவிட்டது.

கழுத்தில் துணி சுற்றி, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். பேச்செல்லாம் மனைவியுடையது.

"வேற எதுலயாவது காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களாக்கா?"

"இல்லம்மா. திரும்பத் திரும்பக் காப்பி எடுத்தா குரல் தேஞ்சு போயிடும்னு சொன்னாங்க. பழைய கேசட் அப்படித்தானே ஆச்சு? அதான் ஒரே இடத்துல பத்திரமா வெச்சோம்."

மருமகளின் காது மடல் சிவந்தது.

"சத்தம் வந்ததும் என்ன பண்ணீங்க?"

"அணைச்சு அணைச்சுப் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜில வைக்கச் சொன்னார். கத்தரிக்காய்க்கே இடம் இல்ல, வைக்கல."

"கத்தரிக்காய் நல்லா இருக்கட்டும். தட்டினீங்களா?"

"லேசா."

"லேசான்னா?"

கண்டக்டர் கையைத் தூக்கி, பஸ்ஸின் வயிற்றில் அடிப்பதுபோல் காற்றில் ஓங்கிக் காட்டினார். மனைவி அவரை முறைத்தாள். "இவர்தான் அடிச்சது. நான் லேசாத்தான்."

கேபிளை மாற்றியும் பார்த்தாகிவிட்டது; முனகல் போகவில்லை. இனி சிகிச்சை கிடையாது. டிஸ்க் மூச்சை விடுவதற்குள் உள்ளே இருப்பதைப் புதியதற்கு ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினாள். வளையம் போட்டதைத் தொட்டு "இதிலிருந்து" என்றாள். போடாததைத் தொட்டு "இதுக்கு" என்றாள். பிறகு இன்னொரு தரம் அதையே வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் பட்டனைத் தட்டினாள்.

எனக்கு எழுத்துத் தெரியாது, நிறம் தெரியும். திரையில் கட்டம் கட்டமாக ஒரு பாய் விரிந்தது. வந்து சேர்ந்தது பச்சை, வர மறுப்பது சிவப்பு, இன்னும் தொடாதது சாம்பல். பச்சை விறுவிறுவென்று ஓடியது. கண்டக்டர் மனைவி முந்தானையை விரலில் சுற்றுவதை நிறுத்தினாள். நடுப்பாயைத் தாண்டியதும் டிக். பச்சை நின்றது. டிக், டிக். சிவப்பு ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. அம்மை போட்ட முதுகு மாதிரி ஆகிக்கொண்டு வந்தது.

மருமகள் சட்டென்று நிறுத்தினாள். குரல் இருக்கும் இடம் அதுதானாம்.

"அண்ணே, நல்லாக் கேட்டுக்குங்க. இப்படியே முட்டினா மீதி வரலாம், டிஸ்க் செத்தும் போகலாம். செத்துட்டா பெரிய லேப்ல திறந்து பார்க்கணும்; அவங்களும் உறுதி சொல்ல மாட்டாங்க. இப்பவே நிறுத்தி அங்க அனுப்பினா நாளாகும், ஆனா உயிரோட போகும். நீங்கதான் சொல்லணும்."

"போடும்மா, போடு! இவ்வளவு தூரம் வந்தாச்சே" என்றாள் மனைவி.

கண்டக்டர் மேசையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். ஒரே தட்டு. பஸ்ஸில் ஏறிய எவருக்கும் தெரியும், ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ என்று.

மருமகள் மின்சாரத்தைத் துண்டித்து டிஸ்க்கை ஆறவிட்டாள். தானும் சுவரில் சாய்ந்து நின்றாள். விசிறி மட்டும் எல்லாருக்குமாகப் பேசியது. நான் தண்ணீர் கொண்டுபோனேன்; வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றாள். பிறகு கண்டக்டர் எதிரில் குந்தி உட்கார்ந்தாள்.

"அண்ணே, முன்வாசல்ல ஒருத்தர் படியை அடைச்சுக்கிட்டு நிக்கிறார். நகர மாட்டேங்கறார். பின்வாசல் வழியா ஏத்திப் பார்க்கட்டுமா? கடைசிக் கட்டத்துல ஆரம்பிச்சு முன்னால வருவேன். மறுபடி முனகினா அந்த நொடியே நிறுத்திடுவேன். அதுவும் ஆபத்துதான், இல்லேங்கல."

அவர் தோள் குலுங்கியது. சத்தமே இல்லாத சிரிப்பு. மேசையில் இரண்டு தட்டு.

இந்தத் தடவை பச்சை பாயின் அடிவிளிம்பிலிருந்து மேலே ஊர்ந்தது. மெதுவாக, மிக மெதுவாக, பிள்ளை தவழ்வதுபோல. மருமகள் இமைக்கவில்லை. ஒரு கை மின்சார சுவிட்சின்மேலேயே இருந்தது. சிவப்புகள் ஒவ்வொன்றாகப் பச்சையில் கரைந்தன. சன்னல் வெயில் மேசைக்காலைத் தொட்டபோது பாய் முழுவதும் பச்சை. நடுவில் கடுகளவு ஒரு சிவப்பு மட்டும் பாக்கி. அதன் அருகில் போனதும் ஒரு டிக். சொன்னபடி அந்த நொடியே அணைத்துவிட்டாள்.

வந்ததையெல்லாம் முதல் வேலையாக மூன்றாவதாக ஒரு டிஸ்க்கிலும் போட்டாள். "தேயாதுக்கா" என்றாள் கண்டக்டர் மனைவியைப் பார்த்து. பிறகுதான் ஒலிப்பெட்டியில் குரலைப் போட்டாள்.

"படியில நிக்காதீங்க! உள்ள டான்ஸ் ஆடற அளவு இடமிருக்கு!"

அறை அதிர்ந்தது. கண்டக்டர் துணி சுற்றிய கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டார். "சில்லறை இல்லாதவங்க சிரிப்பாவது குடுங்க" என்றது அடுத்தது. மனைவி சிரித்தாள், மூக்கைத் துடைத்தாள், மறுபடியும் சிரித்தாள்.

"ஊர் சனத்தைக் கூப்பிட்டதெல்லாம் வந்துடுச்சு. என்னைக் கூப்பிட்டது எங்கம்மா? வேலை முடிஞ்சு வந்து வாசல்ல நின்னு கூப்பிடுவாரு. அதையும் சொல்லி வெச்சிருக்காரு."

மருமகள் தேடி எடுத்துத் தட்டினாள்.

"ஏய் மகாராணி, கத..."

அத்தோடு அறுந்தது. இன்னொரு தரம் போட்டாள். "ஏய் மகாராணி, கத..." கடுகளவுச் சிவப்பு அங்கேதான் குந்தியிருந்திருக்கிறது.

"கதவைத் திறன்னு எனக்குத் தெரியாதாம்மா? இத்தனை வருஷமாத் திறந்தவ நான்தானே. போதும்மா, நீ செஞ்சது பெரிசு." அவள் மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்டக்டரும் தலையை ஆட்டினார். எழுந்து நின்று கும்பிட்டார்.

"அதான் அவங்களே போதும்னுட்டாங்களே. இனியாவது தலையை முடி" என்றேன் நான்.

மருமகள் பழைய டிஸ்க்கிலிருந்து வளையத்தைக் கழற்றினாள். விரலில் மாட்டி இழுத்துப் பார்த்தாள். ஒரு கை கூந்தலைக் கொத்தாக அள்ளி உச்சிவரை கொண்டுபோய்விட்டது. கண் மட்டும் திரையின் நடுவில் இருந்த அந்தக் கடுகை விட்டு நகரவில்லை. கூந்தலை விட்டாள். விசிறியை மறுபடி திருப்பிவைத்து, வளையத்தை அதே டிஸ்க்கில் மாட்டினாள்.