பெருமாள வேட்டைக்கு ஏத்திப்போன ஃபிலோ அக்கா

ஃபிலோ அக்கா செத்த சேதிய எனக்கு யாரும் வந்து சொல்லல. அவங்க வேன் வரல. அதான் சேதி.

கார்த்திக மாசம், நல்ல மழ. என் அக்கா பொண்ணு தர்ஷினி ஸ்கூல் பையோட தெருமுனையில நின்னுட்டிருந்தா, கூட இன்னும் நாலு புள்ளைங்க. ஏழே முக்காலுக்கு வர்ற வேன் எட்டேகால் ஆகியும் வரல. "மாமா, வேன் ஆன்ட்டி ஃபோன் எடுக்கல"ன்னா. முதலியார்பேட்டையில முட்டி அளவு தண்ணி நின்னப்பகூட அந்த வேன் வந்திருக்கு. அரியாங்குப்பத்துல அவங்க வீட்டுக்கு பைக்க விட்டேன். வாசல்ல வேன் நின்னுது. பக்கத்துல செருப்பு நெறய கெடந்துச்சு. தூக்கத்துலயே போயிட்டாங்க. நாப்பத்தி ஏழு வயசு.

முப்பதாம் நாள் பூசைக்கு சின்னதா ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறோம், அவங்க ஓட்டுன கோயில் ஜீப்பப் பத்தி நீ எழுதித் தான்னு அவங்க தங்கச்சி கேட்டாங்க. நான் பாலிடெக்னிக்ல ரெண்டாவது வருஷத்தோட நின்னவன். எனக்கு எழுத வராது, பேச வரும். பேசுற மாதிரியே எழுதுறேன். அக்காவ சர்ச்சுல பாத்தவங்களுக்கு இந்தக் கத தெரியாது. எங்க கோயில் ஆளுங்களுக்குத் தெரியும், ஆனா தப்பாத் தெரியும். அதனாலதான் ஒத்துக்கிட்டேன்.

காணும் பொங்கலன்னைக்கு எங்க தெருப் பெருமாள் குதிர ஏறி வேட்டைக்குப் போவாரு. பாரிவேட்டைன்னு சொல்லுவோம். ஆத்துப் பாலத்தத் தாண்டி, வீராம்பட்டினம் பக்கம் மணல்ல ஒரு சவுக்குத்தோப்பு இருக்கு. அங்க ஒரு வாழமரத்த நட்டு வெச்சிருப்பாங்க. அய்யரு அது மேல அம்பு விடுவாரு. அவ்வளவுதான் வேட்ட. ஆனா பொழுது சாயறதுக்குள்ள சாமி பாலத்தத் தாண்டித் திரும்பிடணும். வெளக்கு வெக்கிற நேரத்துல தாயார் சன்னதி கதவ சாத்திடுவாங்க, அப்புறம் அவரு வெளியிலதான்.

முன்னாடியெல்லாம் தோள்லயே தூக்கிட்டுப் போவாங்க. தூக்குற ஆளுங்க பாதிப் பேரு சென்னை, ஓசூர்னு வேலைக்குப் போயிட்டாங்க. ஒரு வருஷம் மினி லாரியில ஏத்தினோம். மணல்ல புதைஞ்சிடுச்சு. கோயில் தலைவர் வரதராஜு மாமா, "பழைய ஜீப் ஒண்ணு வாங்கிடலாம், நாலு சக்கரமும் இழுக்குற மாதிரி"ன்னாரு. வண்டியப் பாத்து எடுக்கத் தெரிஞ்ச ஆளு யாருன்னு பேச்சு வந்தப்ப எல்லாரும் சொன்ன பேரு ஃபிலோமினா. நம்ம தெருப் புள்ளைங்கள ஏத்திட்டுப் போறவங்க, பழைய வேன பன்னெண்டு வருஷமா நடுரோட்டுல நிக்காம ஓட்டுறவங்க.

"நான் கோயில் வண்டியத் தொடலாமா?"ன்னு அக்கா கேட்டாங்க.

"ஜீப்புக்கு இன்னும் பூச போடலம்மா. இப்ப அது வெறும் இரும்புதான்"னாரு மாமா.

தொணைக்கு என்ன அனுப்பினாங்க. அப்ப நான் சும்மாத்தான் இருந்தேன்.

மொதல்ல திண்டிவனம். பெயின்ட்டு பளபளன்னு இருந்துச்சு. எனக்குப் புடிச்சிருச்சு. அக்கா பக்கத்துல போய் பானெட்டு மேல கைய வெச்சாங்க, எடுத்தாங்க. "வா போலாம்."

"ஏங்க்கா, ஸ்டார்ட் பண்ணிக்கூடப் பாக்கல?"

"சூடா இருக்குடா. நாம வர்றதுக்கு முன்னாடியே எழுப்பி வெச்சிருக்கான். தூங்கி எழுந்திரிக்கிறப்ப எப்படி இருக்குன்னு பாக்கணும். அலங்காரம் பண்ணிட்டு நிக்கிறதப் பாத்து என்ன பண்றது?"

ரெண்டாவது கடலூர், துறைமுகத்துப் பக்கம். அக்கா சுடிதாரோட அப்படியே கீழ படுத்து உள்ள போயிட்டாங்க. ஒரு ஸ்க்ரூ டிரைவரால சேஸிஸ்ல குத்துனாங்க, பொலபொலன்னு துருவாக் கொட்டிச்சு. வண்டிக்காரரு மொறச்சாரு. "உப்புக் காத்துங்க, என்ன பண்ண முடியும்"னாரு. "அதத்தான் நானும் சொல்றேன்"னு அக்கா தலையில இருந்த துருவத் தட்டிட்டு கெளம்பிட்டாங்க.

மூணாவது கள்ளக்குறிச்சி தாண்டி, மலையடிவாரம். கண்ணராவியா இருந்துச்சு வண்டி. ஒரு கதவே இல்ல. ஆனா அடியில துரு இல்ல. எண்ணெ ஊத்துற மூடியத் தொறந்து உள்பக்கம் பாத்தாங்க. மோர் மாதிரி இருந்தா எஞ்சினுக்குள்ள தண்ணி எறங்கியிருக்குன்னு அர்த்தமாம். சுத்தமா இருந்துச்சு. நாலு சக்கரம் இழுக்குற கம்பியப் போட்டு உழுத நெலத்துலயே ஒரு சுத்து ஓட்டுனாங்க. ஓட்டுனர் சீட்டுக்குப் பின்னாடி ரெண்டு இரும்புக் கொக்கி இருந்துச்சு.

"இது என்னங்க?"

"துப்பாக்கி மாட்டுறதும்மா. எங்க தாத்தா இதுலதான் பன்னி வேட்டைக்குப் போவாரு. இப்பதான் அதெல்லாம் கூடாதே. சும்மா நிக்கிது."

அக்கா சிரிச்சுட்டாங்க. "வேட்டைக்குப் பழகுன வண்டி. இதையே எடுத்துக்கலாம்."

அந்தக் கொக்கியிலதான் வருஷா வருஷம் பெருமாளோட வில்ல மாட்டுவோம். வில்ல மட்டும் அக்கா தொட மாட்டாங்க. "நீ மாட்டுடா, எனக்கு எதுக்கு வம்பு"ன்னுவாங்க.

வாங்குறதோட முடிஞ்சிடும்னு நெனச்சேன். அதுக்கப்புறம்தான் வேலயே. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பூச முடிஞ்சு, சர்ச்சுக்குப் போன பொடவையோட வந்து ஜீப்ப எடுத்து பாலம் வரைக்கும் ஓட்டிட்டு வருவாங்க. நாலு சக்கரக் கம்பிய ஒரு தடவ போட்டு எடுப்பாங்க, இல்லன்னா இறுகிடுமாம். வேட்ட முடிஞ்ச மறுநாள் அடிப்பக்கம் பூரா நல்ல தண்ணி அடிச்சு, உப்பு மண்ண எடுத்துட்டு, பழைய எண்ணெயத் தடவுவாங்க. மணல்ல எறங்குறப்ப டயர்ல பாதிக் காத்த எறக்கணும், ரோட்டுக்கு வந்ததும் கால் பம்ப்புல ஏத்தணும். பம்ப்பு அடிக்கிறது நான். மூணாவது டயர்ல நான் நிறுத்திடுவேன்.

"பாலிடெக்னிக்க பாதியில விட்ட. ஏசி மெக்கானிக் வேலய பாதியில விட்ட. இந்த டயருக்காச்சும் முழுசா காத்து அடிடா"ன்னுவாங்க.

வண்டிய நிறுத்தி சாவிய எடுக்குறப்ப டேஷ்போர்டத் தட்டி "மெர்சி"ன்னுவாங்க, பிரெஞ்சுல நன்றின்னு. அது அவங்க வீட்டுக்காரரோட பழக்கம் போல. அவரு பிரான்சுக்குப் போனவரு. பேப்பர் வந்ததும் கூப்பிட்டுக்கிறேன்னு போனாரு, கூப்பிடல. ஃபோன் மட்டும் கொஞ்ச நாள் வந்துச்சு. அதப் பத்தி ஒரே ஒரு தடவதான் பேசுனாங்க, அதுவும் வண்டியப் பத்திப் பேசுற மாதிரி. "வருஷத்துல ஒரு நாள் ஓடுற வண்டிடா இது. மத்த நாளெல்லாம் யாராச்சும் பக்கத்துல இருக்கணும். இல்லன்னா அந்த ஒரு நாளும் ஓடாது."

வண்டிக்கு ஒரு கொற உண்டு. எஞ்சின் சூடாயிட்டா ஆறுற வரைக்கும் செல்ஃப் எடுக்காது. மணல்ல தள்ளியும் ஸ்டார்ட் பண்ண முடியாது. அதனால தோப்புக்கு வந்து சாமிய எறக்கினதும் அக்கா எஞ்சின நிறுத்தாம உள்ளயே உக்காந்திருப்பாங்க. சனம் மொத்தமும் சாமி பின்னாடி தோப்புக்குள்ள போயிடும். மேளம், வெடி, விசில் எல்லாம் உள்ள. அக்கா மட்டும் வெளிய, தடதடன்னு அதிர்ற ஜீப்புல. மூணு வேட்டையும் அப்படித்தான். ஃபோட்டோ எதுலயும் அவங்க இல்ல, நேத்துகூடத் தேடிப் பாத்தேன்.

நாலாவது வேட்ட, இந்த வருஷம். நான்தான் சொன்னேன். "அக்கா, ஒரு தடவ போய்ப் பாருங்க. நான் உக்காந்துக்கிறேன்."

"எனக்கு என்னடா அங்க?"

"வேட்டைக்கு வண்டி ஓட்டுறீங்க, வேட்டயப் பாக்க வேணாமா?"

அப்புறம் எறங்கினாங்க. "கைய எதுலயும் வெக்காத. சும்மா உக்காரு. அது தானா ஓடும்." பொடவத் தலப்ப தல மேல போட்டுக்கிட்டு தோப்புக்குள்ள போனாங்க.

ஃபோன் வந்துச்சு, ஃப்ரெண்டு ஒருத்தன். எஞ்சின் சத்தத்துல கேக்கல. பைக்குல பண்ற பழக்கத்துல சாவியத் திருப்பி நிறுத்திட்டேன். "எங்கடா இருக்க?"ன்னு கேட்டான். அதுக்குத்தான் ஃபோன்.

அப்புறம் எத்தன தடவ திருப்பியும் எடுக்கல. அக்கா தோப்புல இருந்து வர்றப்ப பாதியிலயே நின்னுட்டாங்க. சத்தம் இல்லங்கறது அவங்களுக்கு அங்கயே தெரிஞ்சிருச்சு.

சாமிய தோள்ல தூக்கிட்டு வந்தாங்க. அறுபது வயசு ஆளுங்கல்லாம் தூக்குனாங்க. வரதராஜு மாமாவுக்கு தோள் வீங்கிப்போச்சு. பாலத்துக்கு வர்றப்பவே இருட்டிடுச்சு. தாயார் கதவு சாத்திட்டாங்க. அன்னைக்கு ராத்திரி பெருமாள் வெளி மண்டபத்துல இருந்தாரு.

கடைசியா நானும் அக்காவும் ரோட்டுல நடந்து வந்தோம். திட்டுவாங்கன்னு பாத்தேன். "வாழமரம்தானாடா. நான் என்னமோ பெருசா நெனச்சிட்டிருந்தேன்"னாங்க. கொஞ்சம் தூரம் போய், "எல்லாரும் வாழமரத்தையே பாக்குறாங்க. குதிர மேல உக்காந்திருக்கிறவர ஒருத்தரும் பாக்கல"ன்னாங்க.

அடுத்த ஞாயிறு மண்டபத்துல கூட்டம். "எஞ்சின யாரு நிறுத்துனது?"ன்னு மாமா கேட்டாரு. நான் தூணுக்குப் பக்கத்துல நின்னேன். வாயத் தொறந்தேன்னு நெனைக்கிறேன். அதுக்குள்ள அக்கா, "வண்டி என் பொறுப்பு. என் தப்பு"ன்னுட்டாங்க. பின்னாடியிருந்து ஒருத்தரு, "வேற மதத்துப் பொம்பளகிட்ட குடுத்தா இப்படித்தான்"னாரு. அக்கா திரும்பிப் பாக்கல. சாவிய மேச மேல வெச்சாங்க. "வாரத்துல ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

வெளிய ஓடிப்போய் ஏன் அப்படி சொன்னீங்கன்னு கேட்டேன்.

"நீ இந்தத் தெருவுல இருக்கறவன்டா. நான் வந்து போறவ."

அன்னைலருந்து வேன் வர்றதப் பாத்தா பைக்க வேற சந்துல திருப்பிடுவேன். பத்து மாசம். ஒரே ஒரு தடவ சிக்னல்ல மாட்டிக்கிட்டேன். கண்ணாடிய எறக்குனாங்க. செத்தேன்னு நெனச்சேன். "ஜீப்பு பேட்டரி எறங்கிடும், ஒயரையாச்சும் கழட்டி வைடா"ன்னாங்க. பச்ச விழுந்துச்சு. போயிட்டாங்க. அதான் கடைசிப் பேச்சு. நான் ஒயரையும் கழட்டல.

அடக்கத்துக்கு ஜீப்பும் பின்னாடி வரணும்னு தோணுச்சு. வரதராஜு மாமா வீட்டுக்குப் போய் நடந்தது நடந்தபடி சொன்னேன்.

"அப்பவே சொல்லியிருந்தா என்னடா?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"ரெண்டு நாள் திட்டியிருப்போம். வேற என்ன பண்ணப் போறோம்."

சாவியக் குடுத்தாரு. ஷெட்டத் தொறந்தா நாலு டயரும் உக்காந்திருந்துச்சு. பேட்டரி செத்துக் கெடந்துச்சு. ஜீப் இல்லாமத்தான் அக்கா போனாங்க.

கோயில் ஆளுங்களுக்கு இங்கயே எழுத்துல சொல்லிடுறேன். எஞ்சின நிறுத்துனது கார்த்தி, நான். ஃபிலோ அக்கா இல்ல.

போன ஞாயிறு வேற பேட்டரி போட்டேன். நாலு டயருக்கும் முழுசா காத்து அடிச்சேன். மொத திருப்புலயே எடுத்துச்சு. பாலத்தோட திரும்பணும்னுதான் போனேன், திரும்பல. தோப்பு வரைக்கும் போயிட்டேன். மழ விட்டிருந்துச்சு. மத்தியானம், ஒரு ஆள் கெடையாது. பின்னாடி கொக்கி ரெண்டும் வில்லு இல்லாம கடகடன்னு ஆடிச்சு. கண்ணாடி வழியா சவுக்கு மரங்க மட்டும் தெரிஞ்சுது. மூணு வருஷமா அவங்க பாத்தது இதத்தான். எஞ்சின நிறுத்தாம ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன், கைய எதுலயும் வெக்கல.

மெர்சி அக்கா. நீங்க பொறுமையா போய்ப் பாத்துட்டு வாங்க. வண்டி ஓடிட்டுத்தான் இருக்கு.